மிட்ஃபீல்டும் ஃபார்வர்டும் ஒட்டாத டீம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் ஃபுட்பால் ஆடுகிற எந்தச் செம்மண் மைதானத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஸ்டாப்பர், அதாவது டிஃபன்ஸில் நடுவில் நிற்கிறவன், காலில் பந்து இருக்கும். எங்கோ மேலே, எதிர் கோல் பக்கம், ஸ்ட்ரைக்கர் கையைத் தூக்கிக் கத்துவான். நடுவில் ஈ காக்கை இருக்காது. கடைசியில் யாராவது ஓங்கி ஓர் உதை விடுவார்கள், எதிர் டீம் ஸ்டாப்பர் நின்ற இடத்திலிருந்தே தலையால் முட்டித் திருப்பி அனுப்புவான். கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று ஊர்தான் மாறுகிறது. நாங்கள் ஆடிய காலத்தில் செய்த அதே கோளாறுகளை இந்தப் பையன்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள்.

பாஸ் கொடுத்துவிட்டு நின்றுவிடுவது, குனிந்த தலை நிமிராமல் பந்தை உருட்டுவது, கண்ட இடத்திலிருந்து கோலுக்கு அடிப்பது, இதையெல்லாம் எந்த பி.டி. சாரும் முதல் வாரமே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். ‘பந்து நம்மகிட்டதான் இருக்கு, ஆனா கோல் பக்கமே போக முடியல’ என்று புலம்பும் டீம்களுக்காக இதை எழுதுகிறேன்.

பத்தாம் நம்பர் பின்னால் போய்ப் பந்து வாங்குவது

இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீமிலேயே நல்ல கால் உள்ள பையனைத்தான் பத்தாம் நம்பரில் போடுவோம். ஸ்ட்ரைக்கருக்குக் கீழே, எதிர் டீமின் மிட்ஃபீல்டு வரிசைக்கும் டிஃபன்ஸ் வரிசைக்கும் நடுவில் உள்ள இடம்தான் அவனுக்கு. பத்து நிமிடம் பந்து வரவில்லை என்றால் பொறுக்காது. மெல்ல இறங்குவான். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் நம் ஸ்டாப்பருக்கு நாலு எட்டுத் தள்ளி நின்று, ‘குடு, குடு’ என்று கையை நீட்டுவான்.

போன சீசனில் ஒரு பயிற்சி ஆட்டம். இடக்கால் பையன், பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும், அப்படி ஒரு கட்டுப்பாடு. ஸ்டாப்பரிடம் பந்து வந்ததும் இவன் ஓடிப் போய் வாங்கினான். திரும்பினான். எதிரே எதிர் டீமில் எட்டுப் பேர், அத்தனை பேரும் பந்துக்கும் கோலுக்கும் நடுவில். ஒருத்தனை ஏமாற்றினான், ரெண்டாவது ஆளையும் தாண்டினான், மூன்றாவது ஆள் காலை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டான். மறுபடியும் அதே. அதற்கடுத்த தடவை தாண்டிப் பார்க்காமல் மேலே தூக்கி அடித்தான். கோட்டுக்கு வெளியே நின்ற அவன் மாமாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “பாருங்கண்ணே, எங்க பய கிரவுண்டு பூரா ஓடுறான்” என்றார். ஓடினான்தான். அவன் எங்கே நின்றிருந்தால் எதிர் டீமுக்கு வலித்திருக்குமோ அந்த ஒரு இடத்தில் மட்டும் அவன் இல்லை.

செட்டிநாட்டு வீட்டில் நடுவில் இருக்கிற வளவில் ஆளே இல்லாமல், முகப்பில் நிற்கிறவர் அடுப்படியில் இருக்கிறவரோடு சத்தம் போட்டே பேச்சை நடத்துகிற மாதிரிதான் அந்த டீமின் ஆட்டம் இருந்தது.

நஷ்டம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். பத்தாம் நம்பர் இறங்கும்போது தன்னைக் காவல் காக்கிறவனையும் கூடவே இழுத்து வருகிறான். அதுவரை நம் ஸ்டாப்பருக்கு முன்னால் வெறும் மைதானம் இருந்தது, தாராளமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பந்துக்குக் கீழே நம் ஆட்கள் ஐந்தாறு பேர், மேலே ஸ்ட்ரைக்கர் மட்டும் எதிர் டீமின் ரெண்டு ஸ்டாப்பர்களுக்கு நடுவில் அனாதையாக. அதிர்ஷ்டத்தில் பந்து அவனுக்குக் கிடைத்தாலும் திருப்பிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. பந்து போய்விட்டால், அதை அங்கேயே மறித்துப் பிடுங்கவும் ஆள் இல்லை. ஒரே ஆள் இறங்கியதில் இத்தனையும் போகிறது.

இதைச் சொன்னால் பையன்கள் உடனே கேட்பது: “மெஸ்ஸி இறங்கலையா அண்ணே?”

இறங்கினார். 2009 மே 2-ஆம் தேதி ரியல் மாட்ரிட்டை அதன் மைதானத்திலேயே பார்சிலோனா 6-2 என்று அடித்த ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். மெஸ்ஸி சென்டர் ஃபார்வர்டு இடத்திலிருந்து கீழே இறங்கினார், அதாவது எதிர் டீமின் ரெண்டு வரிசைகளுக்கு நடுவில் வந்து நின்றார். தன் ஸ்டாப்பர் காலடிக்குப் போகவில்லை. அவர் இறங்கியபோது ஒரு ஓரத்தில் ஆன்ரியும் மறு ஓரத்தில் எட்டோவும் மேலேயே இருந்தார்கள். மாட்ரிட் ஸ்டாப்பர்கள் கன்னவாரோவும் மெட்செல்டரும் மெஸ்ஸியின் பின்னால் போவதா, இடத்தைக் காப்பதா என்று திண்டாடினார்கள். மெஸ்ஸி ரெண்டு கோல், ஆன்ரி ரெண்டு கோல்.

இது அன்றைக்குப் பிறந்த யோசனையும் இல்லை. 1953 நவம்பர் 25-இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று தோற்கடித்தது. ஒன்பதாம் நம்பர் போட்டிருந்த ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் கீழே இறங்கி ஆடினார். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப், நம் பாஷையில் ஸ்டாப்பர், ஹாரி ஜான்ஸ்டனுக்கு அவரைத் துரத்துவதா விடுவதா என்று கடைசிவரை விளங்கவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் புஷ்காஷும் கோச்சிஷும் பாய்ந்தார்கள். மேலே இருக்கிறவன் இறங்கினால் வேறு ஒருவன் ஏற வேண்டும். நம் பையன்கள் இறங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

அந்த இடக்கால் பையன் பதிலுக்கு ஒன்று சொன்னான். அதிலும் நியாயம் இருக்கிறது. “மேலயே நின்னா எனக்குப் பந்தே வர்றதில்லண்ணே.” சரிதான், குற்றத்தில் பாதி ஸ்டாப்பருடையது. எதிரில் ஆள் இல்லாதபோது அவன் நின்ற இடத்திலிருந்தே பாஸ் தேடுகிறான். தேடக் கூடாது, பந்தோடு முன்னால் நடக்க வேண்டும். எதிர் டீம் மிட்ஃபீல்டில் யாராவது ஒருத்தன் தடுக்க வரும்வரை நடக்க வேண்டும். வந்தவன் விட்டுவந்த ஓட்டைதான் பத்தாம் நம்பர் பந்து வாங்க வேண்டிய இடம். தடுக்க வருகிறவன் கிளம்பி ரெண்டு எட்டு வைத்ததும் பாஸ். அதற்குமுன் கொடுத்தால் ஓட்டை திறந்திருக்காது, பிந்தினால் பந்தே போய்விடும். இந்த ஒரு பழக்கம் வர ஒரு சீசன் ஆகும். வந்துவிட்டால் பத்தாம் நம்பரை யாரும் கட்டிப்போட வேண்டியதில்லை, அவனே மேலே நிற்பான்.

ஒரு வழி: பயிற்சி ஆட்டத்தில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே மைதானத்தின் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுங்கள். நம்மிடம் பந்து இருக்கும்வரை பத்தாம் நம்பர் அதற்குக் கீழே வரக் கூடாது. முதல் நாள் அழாத குறையாக நிற்பான். விடாதீர்கள்.

முதுகைக் காட்டிப் பந்து வாங்குவது

சரியான இடத்தில்தான் நிற்கிறான், பாஸும் வருகிறது. ஆனால் இரண்டு தோளும் நம் கோலைப் பார்த்தபடி இருக்கின்றன. பந்து வந்த வழியே திரும்பிப் போகும், வேறு வழி கிடையாது. பக்கவாட்டில் நின்று, பந்து வருமுன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்துக்குத் தூரமாக உள்ள காலில் வாங்க வேண்டும். முதல் டச்சிலேயே கோல் பக்கம் திரும்பிவிடலாம். நம் செம்மண் தரையில் கோடைக்காலத்தில் பந்து எகிறும், ஆகவே பாஸ் கொடுப்பவன் தரையோடு ஒட்டி, கொஞ்சம் அழுத்தமாக அனுப்ப வேண்டும். மெத்தென்று வரும் பாஸ் வந்து சேருவதற்குள் முதுகில் ஆள் ஏறிவிடுவான்.

ஸ்ட்ரைக்கரும் பத்தாம் நம்பரும் ஒரே பக்கம் ஓடுவது

ஒருத்தன் காலுக்குக் கேட்டு வந்தால் மற்றவன் பின்னால் உள்ள வெற்றிடத்துக்கு ஓட வேண்டும். ரெண்டு பேரும் பந்தைப் பார்த்து ஓடிவந்தால் எதிர் டிஃபன்ஸ் நிம்மதியாக நாலு எட்டு முன்னால் வந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்த உதாரணம் வேண்டுமென்றால், 2018-19-இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை ஜெயித்த சென்னை சிட்டி கிளப். முன்னால் பெட்ரோ மான்சி, அவருக்குக் கீழே நெஸ்டர், சாண்ட்ரோ. மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். அந்த ஆட்டங்களின் காட்சிகள் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு இவர்கள் மூவரையும் மட்டும் பாருங்கள்.

செவன்ஸ் பழக்கத்தை லெவன்ஸுக்குக் கொண்டுவருவது

விடுமுறைக்கு விடுமுறை இங்கே செவன்ஸ்தான், டீமுக்கு ஏழு பேர். சின்ன மைதானம், பின்னாலிருந்து ஒரு உதை விட்டால் எதிர் கோல் வாசலில் போய் விழும். மிட்ஃபீல்டே தேவைப்படாது. நூறு மீட்டர் மைதானத்தில் அதே டீம் அதே மாதிரி நின்றால் ஸ்டாப்பருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் ஐம்பது, அறுபது மீட்டர் விழும். மிலான் கோச் அரிகோ சாக்கி கடைசி டிஃபண்டர் முதல் ஃபார்வர்டு வரை 25, 30 மீட்டருக்குள் டீமைச் சுருக்கி வைக்கப் பார்த்தவர், 1989-இலும் 1990-இலும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கினார். பந்து மேலே போனால் ஸ்டாப்பர்களும் நடுக்கோடு வரை ஏற வேண்டும். கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள்ளேயே நின்று இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்க்கிற ஸ்டாப்பரை மாற்றிவிடுங்கள்.

ரெண்டு ஹாஃபும் (நடு மிட்ஃபீல்டர்கள்) ஒரே வரிசையில் நிற்பது

ஒருத்தன் கீழே, ஒருத்தன் மேலே. அவ்வளவுதான்.

வெளியே நின்று “மேல அடி!” என்று கத்துவது

வாயை மூடுங்கள்.

எப்போதும் ‘ரெண்டு டச்’ என்று பயிற்சி கொடுப்பது

இது கோச்சுகளுக்கு. பந்தை ரெண்டு தடவைக்கு மேல் தொடாமல் கொடுத்துவிட வேண்டும் என்ற ரெண்டு டச் விதி பந்தை வேகமாக ஓட வைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வாரம் முழுக்க அதையே ஆடிய பையன், எதிர் டீமின் ரெண்டு வரிசைகளுக்கு நடுவில் தனியாகப் பந்து கிடைத்தாலும் திரும்ப மாட்டான். வாங்கியதும் பின்னால் தள்ளிவிடுவான், பழக்கம் அப்படி. மற்ற எல்லாருக்கும் விதி இருக்கட்டும். சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே பந்து வாங்குகிறவனுக்கு மட்டும் டச் கணக்கு கிடையாது என்று சொல்லிவிடுங்கள். திரும்பப் போய் பந்தை இழந்தால் திட்டவும் வேண்டாம்.