எந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை?

"அம்மா, எங்க நீடாமங்கலத்தார் யார் மேல பிள்ளைத்தமிழ் பாடினார்? சொன்னீங்கன்னா நானும் வாங்கிப் படிப்பேன்."

போனில் பேசியவர் எண்பது வயதைத் தாண்டிய நாகஸ்வரக்காரர். கோபமெல்லாம் இல்லை, கேலிதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கலைகளைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு நான் பெயரடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற கடைசிப் பட்டியல், போட்டிருந்தேன். அதில் "மீனாட்சிசுந்தரம் பிள்ளை" என்று ஒரே ஒரு வரி, எதிரே பதினோரு பக்க எண்கள். அந்தப் பதினோரு பக்கத்திலும் இருந்தது ஒரே ஆள் இல்லை, மூன்று பேர். ஒருவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர், 1815இல் பிறந்து 1876இல் காலமானவர். இன்னொருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869-1954), ருக்மிணி தேவிக்குப் பரதம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார். மூன்றாமவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குத் தவில் வாசித்தவர். மூவரையும் ஒரே ஆளாக்கி, அவருக்குப் புலமை, நட்டுவாங்கம், தவில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

முப்பது வருடம் கல்லூரி நூலகத்தில் கார்டு எழுதிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மாயவரத்தில் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்குப் பெயரடைவு போட்டுத் தருகிறேன். அந்த போனுக்கு அப்புறம் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ எழுதுகிறவர்கள், பள்ளியில் வினாடி வினா நடத்துகிறவர்கள் என யாருக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சீட்டு. கல்யாணப் பத்திரிகைகளை நான் தூக்கிப்போடுவதில்லை. எழுத்தில்லாத பக்கத்தை நாலாக வெட்டி வைத்துக்கொள்வேன். புத்தகத்தில் ஒரு பெயர் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சீட்டு. அதே பெயர் அடுத்த பக்கத்தில் வந்தாலும் புதுச் சீட்டுதான். "இவர் அவரேதான்" என்று கை தானாகப் பழைய சீட்டில் பக்க எண்ணைச் சேர்க்கப் போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது. சேர்த்துக் கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டினதைப் பிரிப்பது பெரும்பாடு.

ஒவ்வொரு சீட்டிலும் பெயருக்குக் கீழே நான்கு விஷயம் குறிப்பேன்: ஊர், முன்னெழுத்து, கூட இருப்பவர் யார், எந்த வருடம். தெரியாததைக் காலியாக விடுவேன், ஊகித்து நிரப்புவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு சீட்டுகளைத் தரையில் பரப்பி, நான்கில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் மட்டும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவேன். பெயர் ஒத்துப்போவதை ஒரு பொருத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நான்கில் அதிகம் உதவுவது கூட இருப்பவர். மூன்று பிள்ளைகளையும் ஊரை வைத்துப் பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரிசிரபுரம், பந்தநல்லூர், நீடாமங்கலம் என்று பெயருக்கு முன்னாலேயே ஊர் இருக்கிறதே? ஆனால் புத்தகம் எழுதியவர் முதல் தடவைதான் ஊரைப் போடுவார், அப்புறம் வெறும் "பிள்ளையவர்கள்". மகாவித்துவான் திரிசிரபுரத்துக்காரர் என்றாலும் மாயூரத்தில் இருந்தார், திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக இருந்தார். நீடாமங்கலத்தார் வாசித்த ராஜரத்தினம் பிள்ளையோ பெயரிலேயே திருவாவடுதுறையைச் சுமந்தவர். ஆக "திருவாவடுதுறை" என்ற சொல் இருவர் பக்கத்திலும் வரும். நான் வழுக்கியது அங்கேதான். பக்கத்தில் சாமிநாதையரோ ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோ இருந்தால் மகாவித்துவான். ராஜரத்தினம் பிள்ளை இருந்தால் தவில்காரர். சலங்கையும் ஜதியும் ருக்மிணி தேவியும் இருந்தால் பந்தநல்லூர். இதைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது வருடம். கலாக்ஷேத்திரா தொடங்கியது 1936. மகாவித்துவான் போய் அறுபது வருடம் ஆகிவிட்டது. ஒரே பெயருக்கு எதிரே 1850உம் 1936உம் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், சீட்டைப் பிரித்துவிடலாம். "பிள்ளை" என்ற வால் மட்டும் எதற்கும் உதவாது. மகாவித்துவான் சைவ வேளாளர், மற்ற இருவரும் இசை வேளாளர். வால் என்னவோ மூவருக்கும் ஒன்றுதான்.

முன்னெழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நமக்கு அதுதான் பாதி விலாசம். உ.வே.சா.வில் "உ" உத்தமதானபுரம், "வே" தகப்பனார் வேங்கடசுப்பையர். தெ.பொ.மீ.யில் தென்பட்டினம், பொன்னுசாமி. மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான இந்த மீனாட்சிசுந்தரனார்தான் என் பெட்டியில் நாலாவது மீனாட்சிசுந்தரம். இவருக்குப் பெயரின் முடிவிலும் ஒரு சிக்கல். சிலர் "சுந்தரன்" என்பார்கள், சிலர் "சுந்தரம்" என்பார்கள், மரியாதைக்கு "சுந்தரனார்". கணினியில் தேடும்போது முழுப் பெயரையும் அடிக்காமல் "மீனாட்சிசுந்தர" வரை அடித்துத் தேடுங்கள். பழைய புத்தகமாக இருந்தால் "மீனாக்ஷி" என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முன்னெழுத்தை ஆங்கிலத்தில் வைத்தால் வரும் குழப்பத்துக்கு என் நூலகக் காலத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். எஸ்.சந்திரசேகர் என்ற பெயரில் எங்கள் அலமாரியில் ஒரு கார்டுக் கட்டு இருந்தது. மேலே வானியல், நடுவில் "லிக்விட் கிரிஸ்டல்ஸ்" என்ற 1977ஆம் வருடத்துப் புத்தகம், கடைசியில் மக்கள்தொகை. நோபல் வாங்கின மனிதர் எதையும் எழுதுவார் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். வானியல்காரர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910இல் லாகூரில் பிறந்து 1983இல் நோபல் பரிசு பெற்றவர். திரவப் படிகங்களைப் பற்றி எழுதியவர் சிவராமகிருஷ்ணன் சந்திரசேகர், 1930இல் கல்கத்தாவில் பிறந்து பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர். மக்கள்தொகைக்காரர் ஸ்ரீபதி சந்திரசேகர், இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரத் துறையைப் பார்த்தவர்.

முதல் இருவர் விஷயத்தில் ஏமாறுவதற்கு நியாயமும் உண்டு. இருவருமே சி.வி.ராமனுக்கு உறவு: வானியல்காரர் அண்ணன் மகன், அதாவது மகன் முறை; திரவப் படிகக்காரர் சகோதரி மகன், அதாவது மருமகன் முறை. ஆங்கிலத்தில் இருவருக்கும் "நெஃப்யூ" என்று ஒரே சொல் போட்டுவிடுகிறார்கள். தமிழில் முறை சொன்னாலே ஆள் பிரிந்துவிடுவார். ராமனின் "சி" சந்திரசேகர ஐயர், அவருடைய அப்பா. மற்ற இருவருக்கும் அவர் தாத்தா, ஒருவருக்கு அப்பா வழி, இன்னொருவருக்கு அம்மா வழி. பேரன் என்ற சொல்லே "பெயரன்" என்பதிலிருந்து வந்ததுதானே? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை முளைத்துக்கொண்டே இருக்கும். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இதற்குத் தயாராக இருங்கள். தமிழில் சு.சந்திரசேகர், சி.சந்திரசேகர், ஸ்ரீ.சந்திரசேகர் என்று கார்டு போட்டிருந்தால் குழப்பமே இல்லை. "எஸ்" என்று எழுதியதால் வந்த வினை.

ராஜாக்கள் விஷயத்தில் முன்னெழுத்து கிடையாது. முதலாம், இரண்டாம் என்பதெல்லாம் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் போட்ட எண். கல்வெட்டில் எந்த ராஜராஜனும் தன்னை "முதலாம்" என்று சொல்லிக்கொள்ளவில்லை, பின்னால் இரண்டு பேர் வருவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் ராஜாவைப் புகழும் பகுதியின், முதல் வரியைப் பாருங்கள். "திருமகள் போல" என்று தொடங்கினால் 985இல் பட்டத்துக்கு வந்த, பெரிய கோயில் கட்டிய ராஜராஜன். "திரு மன்னி வளர" என்றால் அவர் மகன் ராஜேந்திரன். மெய்க்கீர்த்தி இல்லாமல் வெறும் "கோப்பரகேசரி" என்றோ "கோராசகேசரி" என்றோ இருந்தால் கவனம், சோழர்கள் இந்த இரண்டு பட்டத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். "மதுரை கொண்ட" என்று அடைமொழி இருந்தால் பராந்தகன்.

குலோத்துங்கனுக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன். கலிங்கத்துப்பரணி என்றால் முதலாமவர், பெரியபுராணம் என்றால் இரண்டாமவர், திருபுவனம் கோயில் என்றால் மூன்றாமவர். நினைவில் வைக்க இது போதும். நெடுஞ்செழியனுக்கு அடைமொழிதான் வழி: ஆரியப்படை கடந்தவர் ஒருவர், தலையாலங்கானத்துச் செருவென்றவர் ஒருவர். நாவலர் என்று இருந்தால் 1920இல் பிறந்த நாராயணசாமி. அவர் தானே விரும்பி அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்.

ஔவையார்தான் எல்லோரும் சிக்கும் இடம். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒரே பாட்டி என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. தடிமனாக ஒரு கைத்தடி, நெற்றி நிறைய விபூதி. 1953இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த படமும் அதற்கு ஒரு காரணம். இங்கே ஊரும் வருடமும் கைகொடுக்காது, பாட்டையே பார்க்க வேண்டும். புறநானூற்று ஔவை தொண்டைமானிடம் தூது போகிறார். அவனுடைய ஆயுதச் சாலையில் வேல்களுக்கெல்லாம் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் அதியமானுடைய வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலக் குத்தும் அந்தப் பேச்சுக்கும், "பாலும் தெளிதேனும்" கொடுத்துப் பிள்ளையாரிடம் சங்கத்தமிழ் மூன்றும் கேட்கும் நல்வழி ஔவைக்கும் இடையே பல நூறு வருட இடைவெளி. சங்கப் பாட்டில் பிள்ளையாரே கிடையாது. ஔவை என்று வந்து பக்கத்தில் பிள்ளையார் இருந்தால் பின்னால் வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தையே பழையதாக வைத்துக் கேட்கிறாரே, அது போதாதா?

கபிலர், நக்கீரர், பரணர் மூவருக்கும் இதே கதைதான். பதினோராம் திருமுறையில் இவர்கள் பெயரில் பாடியவர்களைக் கபிலதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று நம்பியாண்டார் நம்பி தொகுப்பு வழியாகவே பிரித்து வழங்குகிறோம். "தேவ நாயனார்" என்ற ஒட்டை வெட்டாமல் அடைவில் போட்டால் சரி.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவது. மகாவித்துவான் "குளத்தூர்க் கோவை" பாடியது ஒரு வேதநாயகம் பிள்ளை மேல். குளத்தூர் வேதநாயகம் பிள்ளை என்று ஒரு சீட்டும், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்று இன்னொரு சீட்டும் என்னிடம் இருந்தன. பிறந்த ஊர் ஒன்று, உத்தியோகம் பார்த்த ஊர் ஒன்று. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் இவரேதான். ஆனால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வேறு. இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் பாட்டுக் கட்டியவர்கள், அதே காவிரிக்கரை. சாஸ்திரியார் சரபோஜி காலத்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பிள்ளை பிறந்தது 1826இல். ஒட்டும் பகுதியையும் வெட்டும் பகுதியையும் ஒரே பெயரில் பழக வேண்டுமென்றால் வேதநாயகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அடைவில் எழுதும் விதம். பெயரை முதலில் போட்டு, காற்புள்ளி வைத்து, ஊரையும் தொழிலையும் ஒவ்வொரு சொல்லில் போடுங்கள்: "மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நீடாமங்கலம், தவில்". வருடம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேர்க்கலாம். யாரென்று பிடிபடாத சீட்டை இருக்கிறவர்களில் பிரபலமானவர் தலையில் கட்டாதீர்கள். தனி வரியாகவே விடுங்கள்.

இரண்டாம் பதிப்பில் மூன்று வரியாகப் பிரித்துப் போட்டோம். பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நாலு நாள் கழித்து போன்.

"பிரிச்சது நல்லாருக்கும்மா. ஆனா 112ஆம் பக்கம் எங்க ஆளு பேர்ல போட்டிருக்கீங்க. அதுல சொற்பொழிவு ஆத்தினாருன்னு இருக்கு. தவில்காரர் எதுக்கும்மா சொற்பொழிவு ஆத்தணும்?"

"இருங்க ஐயா" என்று புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தெ.பொ.மீ.