கேரவனில் கேஸும் சுடுநீரும் மிச்சம் பிடிக்க

கோலாலம்பூரிலிருந்து கேரவனோடு கேமரன் மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மேலே இரவில் குளிர் 15 டிகிரி வரைக்கும் இறங்கும். அந்தக் குளிரில் கேஸைத் தின்பது அடுப்பைவிட வாட்டர் ஹீட்டர்தான். அதை நாள் முழுக்க எரியவிடாதீர்கள். குளிக்க அரை மணி நேரம் முன்பு போட்டு, சூடேறியதும் அணைத்துவிடுங்கள். தொட்டியைச் சுற்றி வெப்பக்காப்பு இருப்பதால் சூடு சில மணி நேரம் தாங்கும்.

சிறிய தொட்டியில் சுமார் 23 லிட்டர்தான் பிடிக்கும். அதனால் உடம்பை நனைத்து, ஷவரை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் கடைசியாக அனுப்புவதே புத்திசாலித்தனம்! முதலில் வரும் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் காய்கறி கழுவ ஆகும். குழம்புச் சட்டியை டிஷ்யூவால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவினால் சுடுநீர் கொஞ்சம் போதும்.

காலையில் தேநீருக்கு வைக்கும்போதே கூடுதலாகக் கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். தங்குமிடத்தில் கரண்ட் இணைப்பு இருந்து, ஹீட்டரும் கரண்டில் ஓடும் வகை என்றால், கேஸைத் தொடவே வேண்டாம். எதில் ஓட்டினாலும் சரி, தொட்டி நிரம்பாமல் ஹீட்டரைப் போடக்கூடாது.