மலை நகராட்சிக்கு அவசரக் கடன்: கேட்பதும் ஒப்புதல் அளிப்பதும்

நீலகிரியில் ஒரு நகராட்சியோ பேரூராட்சியோ அவசரமாகக் கடன் கேட்க நேர்வது பெரும்பாலும் மழையை ஒட்டித்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. அத்தகைய நாட்களில் வேலை கோப்புக்காகக் காத்திருக்காது. ஆனால் கோப்பு இல்லாமல் கடனும் வராது.

முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1914ஆம் ஆண்டு உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டம், ஓர் உள்ளாட்சி தன் நிதியை ஈடாக வைத்து எவற்றுக்கெல்லாம் கடன் பெறலாம் என்று வரையறுக்கிறது: சட்டப்படி செய்ய அதிகாரமுள்ள பணிகள், பஞ்ச நிவாரணம், கொள்ளைநோய்த் தடுப்பு, இவற்றோடு தொடர்புடைய நடவடிக்கைகள், பழைய கடனை அடைத்தல். நிலச்சரிவு இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இடிந்த தடுப்புச் சுவருக்கோ அறுந்த குடிநீர்க் குழாய்க்கோ கேட்கும்போது, அது மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட பணிதான் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். சுவர் தாங்கும் சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, வனத்துறை நிலத்தில் செல்கிறதா என்பதற்கான ஆவணமும் கூடவே இருக்க வேண்டும்.

அடுத்தது, கோப்புகள் பெரும்பாலும் தடுமாறும் இடம்: எது இந்த மழையில் விழுந்தது, எது பல ஆண்டுகளாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது என்று பிரித்துக் காட்டுவது. கணக்குப் பிரிவில் நான் இருந்த காலத்தில், ஓர் உள்ளாட்சி மண்ணை அள்ளி முடித்த பிறகு எடுத்த படங்களோடு ஒரு சுவருக்கான மதிப்பீட்டை அனுப்பியது. அவற்றுள் ஒரு படத்தில், உடைந்த கல்லின் முகப்பில் பச்சைப் பாசி தெளிவாகத் தெரிந்தது. அந்த உடைப்பு அன்றைய மழையில் வந்ததல்ல. முழு மதிப்பீடும் திருப்பி அனுப்பப்பட்டது. உண்மையிலேயே இடிந்திருந்த பத்து மீட்டரும் அதோடு சேர்ந்து தாமதமானது. சுவருக்குக் கீழே குடியிருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. எனவே மண்ணை அகற்றுவதற்கு முன்பே அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து, அன்றைய தேதியிலேயே, பணிகளின் அளவுகளைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகத்தில் பதிந்துவிடுங்கள். பழைய பழுதை மறைக்காமல் தனி மதிப்பீடாக்கி, வழக்கமான திட்டத்தில் கேளுங்கள்.

கடன் தொகையைக் குறிப்பதற்கு முன், மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்து அதைக் கழிக்க வேண்டும். நிலச்சரிவு அந்த நிதியின் கீழ் வரும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் பெற்றால் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும்.

ஒப்புதல் அளிக்கும் அதிகாரி முதலில் புரட்ட வேண்டிய பக்கம் திருப்பிச் செலுத்தும் திட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து. மலை நகரங்களின் வரவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஏப்ரல், மே சீசனில் வாகன நிறுத்தக் கட்டணம் குவியும், மழைக்காலத்தில் வற்றிவிடும். சொத்து வரியோ அரையாண்டுக்கு ஒருமுறை வருவது. எனவே தவணைகளைச் சீசனுக்கும் வரி வசூலுக்கும் பிந்தைய மாதங்களில் அமைக்கச் சொல்லலாம். வரிக் கேட்புத் தொகையை, அதாவது வசூலாக வேண்டிய தொகையைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் அதை ஏற்கக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையாக வசூலானதையே பார்க்க வேண்டும். எந்த நிதி ஈடு, அதன்மீது ஏற்கெனவே எந்தக் கடன் நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும். தவணை தவறினால் அந்த நிதியையே பற்றுகை செய்ய, அதாவது தன் வசம் எடுத்துக்கொள்ள, அரசுக்கு 1914 சட்டம் அதிகாரம் தருகிறது, அதே நிதியின் மீது முன்பே கடன் கொடுத்தவரின் உரிமையும் அப்போது அழியாது. துப்புரவுப் பணியாளரின் சம்பளம் போகும் நிதி அதுவாக இருந்தால், ஈட்டை மாற்றும்படி கோப்பைத் திருப்பி அனுப்புவதே சரி.

ஒப்புதல் ஆணையில் கடன் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கவும், அளவுப் புத்தகப் பதிவின்படி மட்டுமே பணிக்கான பட்டியல் (பில்) தொகையை வழங்கவும், மிஞ்சியதை வேறு பணிக்குத் திருப்பாமல் அசலில் கழிக்கவும் நிபந்தனை விதிக்க வேண்டும்.