வசூல் ஆளுக்குப் பயந்து, கோர்ட் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் தண்டல் (தினவசூல் கடன்), குழு லோன், ஆப் லோன் மூன்றும் ஒரே வீட்டில் ஓடுவதுண்டு. டியூ தவறினால் வாசலில் வந்து நிற்கும் ஆள், "நாளைக்கு அமீனாவோட வந்து ஜப்தி பண்ணிடுவோம்" என்பார். அக்கம்பக்கத்தில் மானம் போகிறதே என்று, அன்றைக்கே இன்னொருவரிடம் மீட்டர் வட்டிக்கு வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

அமீனா கோர்ட் ஊழியர். வசூல் ஏஜென்ட் கூப்பிட்டால் வருகிறவர் இல்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், அதை நிறைவேற்றத் தனியாக மனுப் போட வேண்டும். பொதுவாக அதற்கப்புறம்தான் ஜப்தி. அப்போதும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் இவற்றில் கை வைக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வீட்டை அடமானம் வைத்து பேங்கில் வாங்கிய கடன் மட்டும் வேறு கதை, அதற்கு இப்படி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கத் தேவையில்லை. அங்கே 60 நாள் நோட்டீஸ் வந்தால் ஒரு நாளும் வீணாக்கக் கூடாது.

கத்துகிற ஆளுக்கு நடுங்குகிறவர்கள், சத்தமில்லாமல் வருகிற கோர்ட் சம்மனைக் கண்டுகொள்வதில்லை. போஸ்ட்மேனிடம் "அப்படி யாரும் இங்க இல்லை" என்று சொல்லச் சொல்வார்கள். வாங்க மறுத்தால் கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போகாவிட்டால் தீர்ப்பு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். கட்டிய பணம்கூடக் கணக்கில் வராமல் போகலாம். அப்படி ஆகிவிட்டால் ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அந்தப் பணத்தைக் கட்டினால் கிரிமினல் வழக்கு வராது.

அடுத்தது ரசீது. ஏஜென்டின் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணாதீர்கள். தண்டல் அட்டையில் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். செட்டில்மென்ட் என்றால் முதலில் எழுத்தில் வாங்கி, கடைசியில் ப்ரோ நோட்டையும் (கையெழுத்துப் போட்ட கடன் பத்திரம்) வெற்றுச் செக்கையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மிரட்டல் மெசேஜை வெட்கத்தில் அழித்துவிடுகிறார்கள், அதுதான் உங்கள் சாட்சி. பேங்க், ஃபைனான்ஸ் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்கு மேலும் கூப்பிடக் கூடாது; குழு லோனுக்கு 9 முதல் 6 வரைதான். ரிசர்வ் பேங்க் விதி இது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். விவரம் கேட்க 14448. கந்துவட்டிக்கு 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான அத்தாட்சி) வாங்காமல் திரும்பாதீர்கள். ஃபோட்டோவை மாற்றி அனுப்பும் ஆப் என்றால் சைபர் கிரைம் உதவி எண் 1930.

வக்கீலுக்குக் காசில்லை என்று கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்கு ஃபோன் பண்ணுங்கள், சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு.