கோழிக்குக் கால் விழுந்தால் என்ன செய்வது? நீலகிரியில் வீட்டுக்கோழி வளர்ப்போருக்கான செய்முறை

காலையில் கூட்டைத் திறந்ததும் எல்லாக் கோழியும் இறங்கி மேயப் போய்விடும். ஒன்று மட்டும் படுத்த இடத்திலேயே இறக்கையை ஊன்றித் தவழும். அக்கம்பக்கத்தில் கேட்டால் "வாதம் அடிச்சிருக்கு" என்பார்கள். மருந்துக்கடையில் கேட்டால் ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் பொடியைக் கொடுப்பார்கள். அந்தப் பொடியைக் கரைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கால் விழுவது ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் குறைந்தது ஏழு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக்கால் ஒரு பலனும் கிடையாது. சிலவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம், சிலவற்றுக்கு மருந்தே இல்லை. எது எதுவென்று பிரித்தறியக் கோழியின் வயதும் அது படுத்திருக்கும் விதமும் போதுமான அளவு உதவும்.

1. உடனே பிரித்து வையுங்கள்

அதே கொட்டகையின் மூலையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினால் பிரித்து வைத்ததாக ஆகாது. காற்றும் தூசியும் எல்லாக் கோழிக்கும் ஒன்றுதான். வீட்டுக்குள், சமையலறைக்கு வெளியே, ஓர் அட்டைப்பெட்டி போதும். ஒரு பெரிய கோழிக்கு 45 செ.மீ. நீள அகலமாவது வேண்டும். அடியில் சாக்கு விரித்து, மேலே காய்ந்த மரச்சீவலை 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம். வழுக்கும், பலமில்லாத கால் இன்னும் அகன்றுபோகும்.

தீனி, தண்ணீர், கூடு கழுவுதல் என்று எதுவானாலும் நல்ல கோழிகளுக்கு முதலில் செய்துவிட்டு, நோய்க்கோழியிடம் கடைசியாக வாருங்கள். அதற்கென்று தனிக் கிண்ணம், தனிச் செருப்பு வையுங்கள்.

2. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன்பின் தீனி

இந்த வரிசை மாறக்கூடாது. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் இரவுகளில், நல்ல கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து சமாளித்துக்கொள்ளும். கால் விழுந்தது தனியாகத் தரையில் கிடந்து, நோயைவிடக் குளிராலேயே செத்துப்போகும்.

பெட்டிக்குள் பெரிய கோழிக்கு 25 முதல் 27 டிகிரி இருந்தால் நல்லது. குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். 60 வாட் இழை பல்பை 45 செ.மீ. உயரத்தில் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. இழை பல்பு கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சுக்கான இன்ஃப்ராரெட் பல்பு வாங்குங்கள். அது இன்னும் அதிகச் சூடு தருவதால் உயரத்தைக் கூட்ட வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால், ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கால் வராத கோழியால் சூடு அதிகமானால் நகர்ந்துபோக முடியாது. கோழி படுத்திருக்கும் உயரத்தில் உங்கள் புறங்கையைப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். அலகைத் திறந்து மூச்சிரைத்தால் பல்பை உடனே உயர்த்துங்கள்.

குளிருக்காக வீட்டில் வைக்கும் கரிக் கணப்பை அடைத்த கூட்டுக்குள்ளோ, மூடிய அறைக்குள்ளோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கோழியையும் கொல்லும், பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும்.

தண்ணீருக்கு: காய்ச்சிய நீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். வெதுவெதுப்பாக, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். கோழி தானே நாக்கை அசைத்து விழுங்கும். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது, நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பெரிய கோழிக்கு மணிக்கு 5 முதல் 10 மில்லி போதும்.

உடம்பு சூடாகி, தண்ணீரும் உள்ளே போனபின், கம்பெனித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, அவித்த மஞ்சள் கருவைப் பிசைந்து சிறு உருண்டைகளாகக் கொடுங்கள். கழுத்தடியில் இருக்கும் தீவனப்பையை இரவிலும் காலையிலும் தொட்டுப் பாருங்கள். காலையில் அது காலியாக இருக்க வேண்டும். நேற்றைய தீனி அப்படியே கெட்டியாக இருந்தால் அன்று வெறும் நீர் மட்டும்.

3. வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

கோழியை மடியில் வைத்து, கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விழுந்தது ஒரு காலா, இரண்டுமா? விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றனவா? விரலைக் கிள்ளினால் இழுக்கிறதா? கழுத்து நிற்கிறதா, தொங்குகிறதா, முறுக்கிக்கொள்கிறதா? எச்சம் என்ன நிறம்? நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டால் நோய் பல நாளாக இருக்கிறது என்று பொருள்.

4. எது என்று பிரிப்பது

*1 முதல் 4 வாரக் குஞ்சு, விரல்கள் சுருண்டு, கணுக்காலால் நடக்கிறது.* இது பி2 வைட்டமின் குறைவு. நொய்யரிசியை மட்டும் போட்டு வளர்க்கும் குஞ்சுகளில் அதிகம் பார்க்கலாம். இந்தப் பட்டியலில் நல்ல செய்தி இதுதான்: சீக்கிரம் கவனித்தால் எழுந்துவிடும். பி2 (ரைபோஃப்ளேவின்) 10 மில்லிகிராம் உள்ள பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒன்றைப் பொடித்து 100 மில்லி நீரில் கலக்குங்கள். 1 மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். குஞ்சுக்கு நாளைக்கு 1 மில்லி, சொட்டாகக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரிய வேண்டும். வெயில் பட்டால் பி2 அழிந்துவிடும், ஆகவே தினமும் புதிதாகக் கலக்கி நிழலில் வையுங்கள். கூடவே தீனியைக் குஞ்சுத்தீவனத்துக்கு மாற்றாவிட்டால் மறுபடி வரும். வாரக்கணக்கில் சுருண்டே இருந்த விரல் பெரும்பாலும் நேராகாது.

*6 முதல் 20 வார வயது, ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கிடக்கிறது.* மேரெக்ஸ் நோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் காலுக்குப் போகும் நரம்பை வீங்க வைக்கிறது. நன்றாகத் தின்னும், கண் தெளிவாக இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் இளைக்கும். சிலவற்றுக்குக் கருவிழி சாம்பல் பூத்து, கண்பாப்பா ஒழுங்கற்ற வடிவாகும். இதற்கு மருந்து கிடையாது. இறகுத் தூசியில் பரவும், அந்தத் தூசியில் வைரஸ் பல மாதம் உயிரோடு இருக்கும். தடுப்பூசி குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே பொரிப்பகத்தில் போடவேண்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் வரும் குஞ்சுகளை வாங்கும்போது "மேரெக்ஸ் ஊசி போட்டதா?" என்று கேளுங்கள். அடைக்கோழி பொரித்த குஞ்சுக்கு அந்த ஊசி இருக்காது. அவற்றை நோய் வந்த பழைய கூட்டில் விடாதீர்கள்.

*முட்டையிடும் பெட்டை, இரண்டு காலும் தளர்ந்து, வாலை இறக்கி முக்குகிறது.* முட்டை அடைத்திருக்கலாம், அல்லது கால்சியம் தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். வயிறு மூழ்கும் அளவுக்கு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். எடுத்ததும் அடி இறகுவரை முழுக்கத் துவட்டி உலர்த்துங்கள். நம் குளிரில் ஈர இறகோடு விட்டால் அதுவே ஆளை முடித்துவிடும். எச்சவாயில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான சூடான பெட்டியில் விடுங்கள். 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒன்றைப் பொடித்து ஈரத்தீனியில் கலந்து மூன்று நாள் கொடுங்கள். வயிற்றை அமுக்கி உள்ளேயே முட்டையை உடைத்துவிடாதீர்கள். ஓட்டுத்துண்டு உள்ளே கிழித்துவிடும். அன்றைக்குள் முட்டை வராவிட்டால் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குணமான பின் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். குஞ்சுகளுக்கு மட்டும் முட்டைக்கோழித் தீவனம் போடக்கூடாது, அதிகக் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

*எந்த வயதும், பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கு, அடுத்தடுத்துச் சாவு.* வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். பரவும் வேகத்துக்கு இதற்கு இணை குறைவு. மருந்து இல்லை. கோழி விற்பதையும் வாங்குவதையும் அன்றே நிறுத்துங்கள். சாகப்போகிறது என்று கறிக்குக் கொடுப்பதுதான் ஊர் முழுக்க நோயைக் கொண்டுபோகிறது. சீரகமும் பூண்டும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தீனி எடுக்கும் கோழிக்குக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது வைரஸைக் கொல்லும் என்று நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே நாளில் பல கோழி செத்து, முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

*கழுத்து துணிபோலத் தொங்குகிறது, இமை மூடிக்கொள்கிறது.* செத்த எலியிலோ பறவையிலோ நெளிந்த புழுவைத் தின்றதால் வரும் பொட்டுலிசம், அதாவது நஞ்சால் தசைகள் செயலிழப்பது. தலையைத் தாங்கிப் பிடித்துச் சொட்டு நீர், சூடு, இவைதான் வீட்டில் முடிந்தவை. இரண்டு நாள் தாண்டினால் பிழைக்க வாய்ப்புண்டு. எருக்குழியையும் புதரையும் தேடிச் செத்ததை எடுத்துப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாளை அடுத்த கோழி விழும்.

*பல கோழி ஒரே சமயத்தில், சில மணி நேரத்துக்குள். வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடல் நடுங்குகிறது.* கேரட், உருளை, முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கும் தேயிலைக்கும் நடுவில் வாழும் நாம் இதை மறக்கக்கூடாது: பூச்சிமருந்து. பக்கத்துத் தோட்டத்தில் அன்று என்ன அடித்தார்கள், என்ன குருணை போட்டார்கள் என்று கேளுங்கள். மருந்து டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். சில வகைப் பூச்சிமருந்துகளுக்கு முறிவாக அட்ரோபின் ஊசி உண்டு, நேரம்தான் முக்கியம். அந்தக் கோழியையும் முட்டையையும் சாப்பிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் சூடாக வீங்கியிருந்தால் அடி, சுளுக்கு, அல்லது உள்ளங்காலில் சீழ்க்கட்டி.

5. படுத்த கோழியை எழுப்பும் தொட்டில்

ஒரே பக்கம் படுத்தால் நெஞ்சில் புண் வரும், எச்சம் ஒட்டி ஈ மொய்க்கும். பழைய பருத்தித் துணிப்பையில் கால்களுக்கு இரண்டு ஓட்டை, எச்சவாய்க்கென்று பின்னால் ஒன்று வெட்டுங்கள். பக்கெட்டின் விளிம்பில் கட்டி, பாதம் தரையை லேசாகத் தொடும் உயரத்தில் கோழியைத் தொங்கவிடுங்கள். பாதம் தொடாவிட்டால் காலுக்குப் பயிற்சி இல்லை. உடம்பின் பாரம் முழுதும் காலில் இறங்கினால் சரிந்துவிடும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. மற்ற நேரத்தில் 2, 3 மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, அடியை வெந்நீரில் துடைத்து உலர்த்துங்கள்.

6. மழைக்காலத்து மற்ற நோய்கள்

3 முதல் 8 வாரக் குஞ்சு இறகு சிலிர்த்துக் குந்தி, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக்கழிச்சல். ஊர் குளிராக இருந்தாலும் பல்பின் அடியில் படுகை சூடும் ஈரமுமாக இருப்பதால் கிருமி அங்கேயே பெருகும். 20 சதவீத ஆம்ப்ரோலியம் பொடியை லிட்டருக்கு 1.2 கிராம் கலந்து 5 முதல் 7 நாள், வேறு நீர் வைக்காமல் கொடுங்கள். அந்த நாட்களில் பி-காம்ப்ளெக்ஸ் வேண்டாம், அதிலுள்ள பி1 மருந்தின் வேலையைக் கெடுக்கும். ஈரப் படுகையைத் தினமும் அள்ளுங்கள்.

மூக்கொழுகலும் கர்கர் மூச்சும் பல வீடுகளில் கூட்டைத் தார்ப்பாயால் முழுதும் மூடுவதாலேயே வருகிறது. எச்சத்தின் அமோனியா வெளியேறாமல் நெஞ்சைத் தாக்கும். குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறது என்றால் கோழிக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. பக்கங்களை அடைத்து, கூரையை ஒட்டி ஒரு சாண் திறந்துவிடுங்கள். அம்மைக் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாம், கொசுவைத் தடுங்கள்.

7. பிழைக்காது என்று தெரிந்தால்

தானாகத் தின்னாமல், இளைத்துக்கொண்டே, புண்ணோடு கிடக்கும் கோழியை நீட்டிப்பது அதற்குக் கொடுமை. மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். செத்த கோழியை ஊற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மேட்டில், ஒரு மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து மேலே கல் அடுக்குங்கள். மேலாகப் புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். கூட்டை முதலில் சுரண்டிக் கழுவுங்கள், எச்சத்தின் மேல் ஊற்றும் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. பிறகு லிட்டருக்கு 30 கிராம் கரைத்துத் தெளித்து வெயிலில் காயவிடுங்கள்.

8. ஊசி அட்டவணை

ராணிக்கெட்டுக்கு 7ஆம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு, 28ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்புமருந்து, 8ஆம் வாரம் இறக்கை அடியில் 0.5 மில்லி ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இரண்டு வார முகாமில் இலவசமாகப் போடுவார்கள். நோய் வந்த கோழிக்குப் போடக்கூடாது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். "இங்கேயே குளிர்தானே" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் உடம்புச் சூட்டிலேயே அது கெட்டுவிடும். ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள்.