விண்டோஸ் 11 ஏற மறுத்தால் முதலில் பயாஸைப் பாருங்கள்

'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்று வந்ததும் புதுசு வாங்க ஓடாதீர்கள். பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் எது இடிக்கிறது என்று சொல்லும். பிராசசர் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தையது என்றால், ஓரிரு விதிவிலக்கு தவிர, அதிகாரப்பூர்வமாக வழியில்லை. ரேம் 4 ஜிபி போதுமாம்; நிறுவத்தான் போதும், வேலைக்கு 8 வேண்டும்.

டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று காட்டினால் பெரும்பாலும் அது அணைந்து கிடக்கும். பயாஸில் (கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரை) இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்றிருப்பதை இயக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை அதற்கு முன்பே குறித்து வையுங்கள்.

செக்யூர் பூட்டில்தான் (நம்பகமான மென்பொருளை மட்டுமே எழும்ப விடும் வசதி) பலர் மாட்டுவது. அதற்குப் பழைய பயாஸ் முறை போதாது, அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ வேண்டும். ஆனால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வகையாக இருக்கும்போதே யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் பேக்கப். அடுத்து, எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றுங்கள். டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். பிறகே பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்றி, செக்யூர் பூட்டை இயக்குங்கள்.