நெய்த்தூக்கு விமானம் ஏறாது: சேலத்திலிருந்து இங்கிலாந்து வருபவர்களுக்கு

விடுமுறைக்கு வந்த நான் நாளை மறுநாள் இங்கிலாந்துக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். அம்மாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் ஏற்காட்டுக் காப்பிப்பொடி, மிளகு, தட்டுவடை, அப்புறம் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய நெய். முதல் மூன்றும் பெட்டிக்குள் போகும். நெய் போகாது. ஒவ்வொரு வருடமும் இதே பேச்சுதான். "வீட்டு மாட்டு வெண்ணெய் கண்ணு, என் கையால உருக்குனது. இதுல அவங்களுக்கு என்ன குத்தம்?" என்று அம்மா கேட்பார்.

புதிதாக வந்து சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. சொந்தச் சாப்பாட்டுக்கு என்றாலும் கூடாது, கால் கிலோ என்றாலும் கூடாது. நெய், வெண்ணெய், பன்னீர், பால்கோவா, திரட்டுப்பால், பேடா எல்லாம் இதில் அடக்கம். சீல் உடைக்காத டப்பா, விமான நிலையக் கடையில் பில்லோடு வாங்கியது என்பதெல்லாம் செல்லாது. வீட்டிலிருந்து பார்சலில் அனுப்பச் சொன்னாலும் அதே விதிதான். நெய்யில் செய்த மற்ற இனிப்புகளையும் நான் எடுத்து வருவதில்லை. இது கலந்தது, அது கலக்காதது என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டு நிற்கும் தெம்பு பத்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு யாருக்கும் இருக்காது.

காரணம் தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். நம் வீட்டுச் சுத்தத்தை அவர்கள் சந்தேகப்படவில்லை. நம் வயிற்றைப் பற்றியும் அவர்களுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் அங்குள்ள மாடு, ஆடு, பன்றி பற்றித்தான்: இறைச்சி, பால் வழியாக அவற்றுக்குக் கோமாரி தொற்றிவிடுமோ என்று. கோமாரி என்றால் வாழப்பாடிப் பக்கம் மாடு வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வாயில் புண், எச்சில் ஒழுகும், குளம்பு வெடிக்கும், பால் சட்டென்று வற்றும். நம் ஊரில் அது அடிக்கடி தலைகாட்டும் நோய். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி முகாம் நடக்கிறது. பிரிட்டனில் அந்த நோய் இல்லை. இல்லாத நாட்டில் மாடுகளுக்குத் தடுப்பூசியும் போடுவதில்லை. அதனால் ஒருமுறை நுழைந்துவிட்டால் தீப்பிடித்த மாதிரிதான்.

2001இல் அப்படித்தான் ஆனது. வட இங்கிலாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத எச்சில் சாப்பாட்டைத் தீவனமாகப் போட்டதில் தொடங்கியது என்றும், கள்ளத்தனமாக உள்ளே வந்த இறைச்சி அதில் கலந்திருக்கலாம் என்றும் விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். நோயை நிறுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அங்கே வயதான விவசாயிகளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் முகம் மாறிவிடும். நாம் குப்பைத்தொட்டியில் போடும் மீந்துபோன பால்கோவா எங்கே போய்ச் சேரும் என்பதுதான் அவர்கள் பயம்.

பாலைக் காய்ச்சினால் கிருமி சாகாதா? பாக்கெட் பாலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 72 டிகிரிச் சூடு, அதுவும் 15 நொடி, இந்தக் கிருமியை முழுதாக அழிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 132 டிகிரி போன்ற கடும் சூடு வேண்டும். மாட்டுக்கு நோய் வெளியே தெரியும் முன்பே பாலில் கிருமி வந்துவிடும் என்பது இன்னொரு சிக்கல். நெய் விஷயத்தில் அம்மா பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் தூக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு அது எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் கொதித்தது என்று எப்படித் தெரியும்? ஏற்றுமதியாளர் என்றால் கால்நடை மருத்துவரின் சான்றிதழைக் காட்டுவார். நம்மிடம் அம்மாவின் வார்த்தைதான் இருக்கிறது.

விலக்கு ஒன்று உண்டு. கைக்குழந்தைக்கான பால் பவுடர், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான தனி உணவு ஆகியவற்றை ஆளுக்கு 2 கிலோ வரை கொண்டுவரலாம். கம்பெனி பேக்கிங்கில், பிரிக்காமல் இருக்க வேண்டும். இப்போது குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது என்றால் பிரித்திருக்கலாம். திறப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாததாகவும் இருக்க வேண்டும்.

தெரியாமல் எடுத்து வந்துவிட்டால், விமான நிலையச் சுங்கத்தில் 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்பவர்கள் போகும் பச்சை வழியில் நடக்காதீர்கள். அறிவிக்க வேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பொருள் போகும், அவ்வளவுதான். முதல் முறை நான் அப்படித்தான் தப்பித்தேன், தூக்கும் சேர்ந்து போனது. மறைத்து மாட்டினால் கதை வேறு. மோசமான விஷயங்களில் இங்கிலாந்தில் 5,000 பவுண்டு வரை அபராதம் போக வாய்ப்புண்டு.

படிக்க வந்தவர்கள் விடுமுறையில் பாரிஸ் போய்ச் சீஸ் வாங்கி வருவதும் இப்போது நடக்காது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில் எருமைகளுக்குக் கோமாரி வந்தது. பிறகு ஹங்கேரி, ஸ்லோவாக்கியா. அந்த ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து பயணிகள் கொண்டுவரும் பால் பொருளுக்கும் பிரிட்டனில் தடை போட்டார்கள். வட அயர்லாந்துக்கு விதி வேறு. டிக்கெட் போடும்போதே அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். நியூசிலாந்து போகிறவர்கள் இன்னும் உஷார்: கொண்டுவந்ததை அறிவிக்காமல் விட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

சரி, நெய்க்கு என்ன வழி? அங்கேயே உருக்குங்கள். உப்பில்லாத வெண்ணெய் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சாதாரண வெண்ணெயில் நம் வாசம் வராது, ஏனென்றால் அது புளிக்காத க்ரீமில் கடைந்தது. நாம் தயிரைக் கடைந்து எடுக்கிறோம். புளித்த க்ரீம் வெண்ணெய் என்று தேடி வாங்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். இறக்கும்போது போட முருங்கை இலை கிடைத்தால் அதிர்ஷ்டம். பாலில் நீல லேபிள்தான் முழுக் கொழுப்பு. பச்சை பாதி, சிவப்பு தண்ணீர் மாதிரி. திரட்டுப்பாலுக்கு நீலத்தை வாங்குங்கள். ஜெர்சி மாட்டுப் பால் தங்க நிற மூடியில் வரும். விலை கூட, ஆனால் பாயசத்துக்கு அதுதான்.

அம்மா அப்பாவைப் பார்க்க வரவழைப்பவர்கள், பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். கிளம்பும் அன்று சொன்னால் நடக்காது. அதற்குள் தூக்கு துணியில் சுற்றிப் புடவைக்கு நடுவே போயிருக்கும்.